பித்தளை இலை

ஒரு படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலைகளைப் பிடித்து, ஒருமுறை உதறி இழுத்து, பிறகு ஒருவர் நடந்துபோய்த் தம் மூலைகளை மற்றவர் கையில் ஒப்படைக்க வேண்டும். என் அத்தை தம் வேலைக்காலம் முழுவதும் செய்தது இதைத்தான். பெரிய தங்கும் விடுதி ஒன்றின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில், நீராவியில் சூடேறித் துணி தேய்க்கும் உருளையிலிருந்து அனல் பறக்க வெளியே வரும் விரிப்புகளை வாங்கி மடிப்பது அவர் பணி. நான்கு மூலைகளும் இம்மி பிசகாமல் பொருந்தாவிட்டால், மடித்ததைப் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் கூடத்தில் அவருக்கு 'நாலு மூலை' என்று பெயர். வைத்தவர் பாய்லர்காரர். "நாலு மூலையம்மா இருக்கற வரைக்கும் இந்த ஓட்டல்ல யாருக்கும் கோணலா கனவுகூட வராது" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அந்தக் கூடம் இப்போது இல்லை. விடுதியின் துணிகள் வெளியே எங்கோ போய் வெளுத்து வருகின்றன; உருளை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஆனால் அத்தையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த இடத்தின் வாசனைதான்: சோப்பும் ஈரச் சுண்ணாம்பும் சூடான பருத்தியும் கலந்த வாசனை. பள்ளி விடுமுறைகளில் அம்மா என்னை அங்கே அழைத்துப்போவதுண்டு. கூடம் பாதி தரைக்குக் கீழே இறங்கியிருக்கும். கூரையை ஒட்டி ஒரே ஒரு நீளச் சன்னல். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கணுக்கால்கள் மட்டும் தெரியும். சுவர்கள் எப்போதும் வியர்த்திருக்கும். விரிப்புகளின் சுருக்கங்களிலிருந்து விருந்தினர் தொலைத்த சாமான்கள் உதிரும்: ஒற்றைக் காதணி, குழந்தையின் காலுறை, ஒருமுறை ஒரு பல்செட். அதை ஒரு தட்டில் வைத்து மேலே வரவேற்புப் பகுதிக்கு அனுப்பிய அத்தை, "வாயைத் திறக்காம யாராவது வந்து நின்னா அவர்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லியனுப்பினாராம்.

கூடத்தின் பின்சுவரில், வெந்நீர்க் குழாயை ஒட்டி, ஒரு கொடி ஏறியிருந்தது. என் அப்பாவும் அத்தையும் நெடுங்காலம் பேசாமல் இருந்ததற்கு அந்தக் கொடிதான் காரணம்.

அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் இருவர். மூத்தவர் ஓர் அக்கா, இளையவர் அத்தை. பெற்றோர் சீக்கிரமே போய்விட, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த அக்காதான் தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கினார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். முறைப்படி எனக்குப் பெரிய அத்தை. ஆனால் வீட்டில் எல்லோரும் 'அக்கா, அக்கா' என்றே சொல்லக் கேட்டு, நான் பார்த்தேயிராத அந்த மனுஷியை நானும் அக்கா என்றே குறிப்பிடப் பழகிவிட்டேன்.

மூவரும் எழுதுபொருள் கடை ஒன்றின் மாடியில், ஒரு பெரிய அறையில் இருந்தார்கள். படியேறும்போதே பசையும் புதுத்தாளும் மணக்கும் என்பார் அப்பா. அறையில் ஓர் அலமாரி. அதன் உச்சியில், காலி டானிக் பாட்டில் ஒன்றில், அக்காவின் மணி பிளான்ட். இணைப்பகத்திலிருந்து யாரோ கொடுத்த ஒரு சாண் தண்டு அது. மண் கிடையாது, உரம் கிடையாது, தண்ணீர் மட்டும். உள்ளங்கை அகலத்தில் இதய வடிவ இலைகள், பச்சையில் மஞ்சள் தெளித்தாற்போல. கொடி அலமாரியின் பக்கவாட்டில் தொங்கி இறங்கும். தரையைத் தொட எட்டும்போது அக்கா நுனியைக் கிள்ளிவிடுவார். கிள்ளியதை யார் கேட்டாலும் கொடுப்பார். கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் உண்டு: தண்டில் கணு இருக்க வேண்டும். இணைப்பகத்துத் தோழி ஒருத்தி அவசரத்தில் காம்போடு ஓர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போய்த் தம்ளரில் வைத்தார். அது வேர்கூட விட்டது. மாதக்கணக்கில் பச்சையாகவே நின்றது. ஆனால் அடுத்த இலை வரவே இல்லை. குருத்து கணுவில்தான் உறங்குகிறது. இலைக்காம்பில் அது கிடையாது. "நம்ம மேனேஜர் மாதிரி" என்றாராம் அக்கா. "வேரு பிடிச்சு உக்காந்திருப்பாரு. அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது."

அப்பா பள்ளியை முடித்ததும் ஒரு பூட்டுக்கடையில் தொழில் பழகப் போனார். சொந்தக் கையால் அவர் முதன்முதலாகச் செய்த பொருள் சாவி அல்ல. அக்காவின் கொடியிலிருந்து விழுந்த ஓர் இலையைப் பித்தளைத் தகட்டின்மேல் வைத்து, ஓரத்தை ஊசியால் கீறி, வெட்டி, அரம் போட்டு, காம்புப் பக்கம் ஒரு துளையிட்டு அக்காவிடம் கொடுத்தார். அடிப்பக்கம் ஒரு புறம் மட்டும் சற்றே சரிந்த, அசல் இலையின் கோணலைக்கூட விடாத பித்தளை இலை. அறைச் சாவியோடு அக்கா அதைக் கோத்துக்கொண்டார். இன்று அப்பாவின் சாவிக்கொத்தில் தொங்குவது அதுதான்.

அந்த அறையில் நடந்த இன்னொன்றையும் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். அக்காவுக்கென்று ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலக்கோடு போட்டது. அத்தை சிறுமியாக இருந்தபோது அதைக் கழுவுகையில் உடைத்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் அதே போன்ற வேறொன்றைத் தேடி வாங்கி அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார். அன்று சாயங்காலம் அப்பா அலமாரியைத் திறந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தத் தம்ளர் வேற. கோடு தடிமனா இருக்கு."

அத்தை இல்லவே இல்லை என்று சாதித்தார். சத்தியம்கூடச் செய்தார். அக்கா இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தத் தம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்து, "தண்ணி அதேதானே, விடுங்க" என்று முடித்துவைத்தார். அத்தை அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா அதை ஒருபோதும் மறக்கவில்லை.

அக்கா நோயில் விழுந்து போனபின் அறையைக் காலி செய்தார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அத்தை விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பாத்திரங்களையும் போர்வைகளையும் பிரித்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. கடைசியில் கொடி மிஞ்சியது. அப்பா கத்தரிக்கோலை எடுத்து, கணு பார்த்து, நடுவில் வெட்டினார். பாட்டிலோடு இருந்த வேர்ப்பகுதி அப்பாவுக்கு, நுனிப்பகுதி அத்தைக்கு. ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கும்போது அப்பா, "பாப்பா, இதையாவது பத்திரமா வச்சுக்கோ" என்றார். அந்த 'யாவது' அத்தைக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் அக்கா வைத்தது போலவே அலமாரியின் உச்சியில் இருந்தது. கொடி தொங்கியது. அக்கா கிள்ளிய அதே உயரத்தில் அப்பா கிள்ளினார். அலமாரி நின்ற மூலையில் வெளிச்சம் குறைவு. காலப்போக்கில் இலைகளின் மஞ்சள் மங்கி, கிட்டத்தட்ட முழுப்பச்சையாயிற்று. அதைத் தவிர அந்தக் கொடியில் ஒரு மாற்றமும் இல்லை. நான் தவழ்ந்த காலத்துப் புகைப்படத்திலும், பள்ளிச் சீருடையில் நிற்கும் புகைப்படத்திலும், பின்னணியில் ஒரே அளவு இலைகள், ஒரே நீளக் கொடி. "எங்க வீட்ல வயசே ஆகாதது அது ஒண்ணுதான்" என்பாள் அம்மா.

அத்தையின் பங்கு வேறு விதமாகப் போயிற்று. அவர் தங்கியிருந்தது பெண்கள் விடுதியில், ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் வைக்கிற இடம். கொடியை வைக்க வழியில்லாமல் சலவைக்கூடத்துக்கே கொண்டுபோனார். காலி பெயின்ட் டப்பா ஒன்றில் மண் நிரப்பி, நட்டு, வெந்நீர்க் குழாயின் அடியில் வைத்தார். வைத்தபின் வேலை அவரை இழுத்துக்கொண்டது. கிள்ளவும் இல்லை, கட்டவும் இல்லை.

அந்தக் கொடிக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. சொரசொரப்பான சுவர், ஓயாத நீராவி, உச்சியில் மட்டும் வெளிச்சம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் குட்டையான காற்றுவேர்கள் கிளம்பிச் சுவரைப் பற்றின. பற்றிக்கொண்டதும் கொடியின் போக்கே மாறியது. தண்டு சுண்டுவிரல் பருமனாகி, பிறகு கட்டைவிரலை மீறியது. மேலே போகப் போக ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது. கீழே இருந்த சிறிய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிர்ந்துபோயின. குழாய்க்கு மேலே, ஆள் உயரத்தைத் தாண்டியபோது, இலை முறம் அளவு ஆகி, ஓரங்களில் வகிடு எடுத்தாற்போலக் கிழிசல்கள் தோன்றின. ஏதோ பூச்சி கடிக்கிறது என்று பாய்லர்காரர் மருந்து தெளிக்கப் பார்த்தார். அத்தை தடுத்து, சுருண்டிருந்த ஒரு புதுக்குருத்தைக் காட்டினார். அது விரியும்போதே வகிடுகளோடுதான் விரிந்தது. வெளிச்சத்தின் பக்கம் போனதால் மஞ்சளும் பட்டை பட்டையாக ஏறியிருந்தது.

பாய்லர்காரருக்கு ஒரு குறை இருந்தது. "இவ்வளவு வளந்தும் ஒரு பூ இல்லையே, நாலு மூலையம்மா?"

"பூத்தா அதையும் மடிச்சு வைக்கச் சொல்லுவாங்க. சும்மா ஏறட்டும் விடுங்க."

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்த அத்தையிடம் அந்தப் பேச்சை அதற்குமேல் யாரும் வளர்க்கவில்லை. இந்த இனம் பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்பதைப் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

வார விடுமுறை நாளில் அத்தை எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் கொடிக்கயிற்றில் காய்ந்த விரிப்புகளை எடுத்து ஒரு முனையை அப்பாவிடம் நீட்டுவார். இருவரும் கூடத்தின் குறுக்கே நடந்து நடந்து மடிப்பார்கள். அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம். செடி எப்படியிருக்கிறது என்று அப்பா கேட்பார். "பெரிசாயிடுச்சுண்ணா, பார்த்தா மிரண்டுடுவே" என்பார் அத்தை. தங்கச்சி வழக்கம்போல ஒன்றைப் பத்தாகச் சொல்கிறாள் என்று அப்பா சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் சலவைக்கூடத்துச் சரக்கறைப் பூட்டு இறுகிப்போய், அதைத் திறக்க அப்பாவை அழைத்தார்கள். அதுவரை அவர் அங்கே போனதில்லை. வேலையை முடித்துவிட்டுக் கை துடைத்தபடி திரும்பியவரின் கண்ணில் பின்சுவர் பட்டது.

"பாப்பா, இது என்ன செடி?"

"அக்கா செடிண்ணா. சொன்னேனே."

அப்பா சுவரருகே போனார். சாவிக்கொத்தை எடுத்து, பித்தளை இலையை அந்தப் பெரிய இலையின்மேல் வைத்தார். யானை நெற்றியில் ஒட்டிய பொட்டுப் போல இருந்ததாம்.

அப்பாவின் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டும்போது இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து விளக்குக்கு எதிரே பிடிப்பார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அது வேறு சாவி. அதில் வாதத்துக்கு இடமில்லை. வாழ்நாளெல்லாம் அப்படிப் பார்த்துப் பழகிய கண் அன்று அந்தக் கொடியையும் அப்படியே பார்த்தது.

"பல்லு மாறினா அது வேற பூட்டோட சாவி. அக்கா செடி செத்துப் போச்சுன்னா செத்துப் போச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"துணியை வெந்நீர்ல போட்டா சுருங்குது. இழுத்துத் தேய்ச்சா நீளுது. அதனால அது வேற துணி ஆயிடுமா?"

"மறுபடியும் தம்ளர் கதைதானா?" என்றார் அப்பா.

உருளையின் இரைச்சலில் மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. அத்தைக்குக் கேட்டது. கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்து, தட்டிச் சமன்செய்துவிட்டு, "பூட்டு சரியாயிடுச்சுல்ல, நீ கிளம்பு" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வீட்டில் விரிப்புகளை அம்மாவும் நானும் மடித்தோம். அவை மூட்டை போல ஆகி அலமாரிக் கதவை மூடவிடாமல் தள்ளின. அப்பா கதவை முழங்காலால் அழுத்தி மூடுவார். "ஊர்ப் பூட்டெல்லாம் திறக்கறீங்க, சொந்த வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிடத் தெரியல" என்று அம்மா குத்திக்காட்டாத வாரம் இல்லை. அம்மா மட்டும் என்னை அழைத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போய்வருவாள். நாத்தனாரும் அண்ணியுமாக அவர்கள் இருவரும் எதிரெதிரே நின்று மடித்தபடி தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அத்தை ஒருநாள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணன் என்கூடப் பேசாட்டிப் போகுது அண்ணி. ஆனா அக்கா குடுத்ததை நான் சாகவிட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டே இருந்துடக் கூடாது. அது மட்டும் எனக்குத் தாங்கல."

வருஷங்கள் ஓடின. கொடி சன்னலை எட்டி, அதற்குமேல் பிடிக்கச் சுவர் இல்லாமல் போனபோது, ஒரு கிளை பிடி நழுவி, துவைக்கும் தொட்டியின் மேலே அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தது. அத்தை அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். தொங்கிய கிளையில் வந்த முதல் இலை சற்றுச் சிறியது. அடுத்தது அதைவிடச் சிறியது, வகிடுகள் குறைவு. இறங்க இறங்க இலை சுருங்கிக்கொண்டே வந்து, தொட்டியின் விளிம்பருகே வந்தபோது ஒரு வகிடும் இல்லாத, உள்ளங்கை அகல இதயமாகிவிட்டது. மேலே பிடித்து ஏறினால் பெரிய இலை. பிடிமானம் இன்றித் தொங்கினால் சின்ன இலை. அக்காவின் பாட்டிலில் மூவரும் பார்த்தது, ஏற இடமே கிடைக்காத கொடியின் குழந்தைப் பருவம்.

அந்தச் சின்ன இலையைக் கிள்ளி அனுப்பினால் தீர்ந்தது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அத்தை மறுத்தார். "நானா கொண்டுபோய்க் குடுத்தா, இதையும் எங்கயோ வாங்கினேன்னுதான் தோணும். அண்ணன் கண்ணு முன்னாடி நடக்கணும்."

அது நடப்பதற்கு ஒரு கெட்ட செய்தி வழிசெய்தது. புதிய பாய்லர் வருவதால் பின்சுவர் முழுவதையும் சுரண்டி வெள்ளை ஓடு பதிக்க நிர்வாகம் முடிவு செய்தது. கொடியை எடுத்தாக வேண்டும். அத்தை மேலாளரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: ஆட்கள் வேண்டாம், நானே இறக்குகிறேன். விடுமுறை நாளன்று அவரும் பாய்லர்காரரும் ஏணி வைத்து ஏறினார்கள். வேர்கள் சுவரை விட மறுத்தன. இழுத்தபோது காரையும் சேர்ந்து பெயர்ந்தது. சாறு பட்டு இருவர் கைகளும் முழங்கை வரை அரித்தன. "இது சேம்புக்குச் சொந்தக்காரின்னு முன்னாலயே சொல்லியிருந்தா நான் மருமகன் மாதிரி தள்ளியே நின்னிருப்பேனே" என்று புலம்பினார் பாய்லர்காரர். எல்லாம் இறங்கியபின் வெற்றுச் சுவரில் வேர் பதிந்த தடங்கள் மட்டும், தையல் பிரித்த துணியில் ஊசித்துளைகள் தெரிவது போல, மேலே வரை தெரிந்தன. தண்டுகளைக் கூடத்தில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். அத்தை சன்னலருகே இருந்த உச்சித்துண்டை மட்டும், இரண்டு பேரிலைகளோடு, எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே எங்கள் வீட்டு வாசலில் அழைப்புமணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். அத்தை கையில் ஒரு வாளி. வாளிக்குள் அந்தத் துண்டு. முகம் இலைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. கைகள் சிவந்து தடித்திருந்தன.

"சுவத்தைச் சுரண்டறாங்க. எனக்கு வைக்க இடமில்ல" என்றார் அத்தை. "அக்கா பாட்டில் பக்கத்துல இதையும் ஒரு பாட்டில்ல வை. சுவத்துல ஏத்தாதே, கம்பு கட்டாதே. அக்கா விட்ட மாதிரியே தொங்க விடு."

"எதுக்கு?"

"சும்மா பாரு. சாவி சேருதா இல்லையான்னு நீயே சொல்லு."

உள்ளே வரச் சொல்ல அப்பா வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

அப்பா வாளியை உள்ளே எடுத்துவந்தார். பிறகு ஒரு வாயகன்ற பாட்டிலைத் தேடியெடுத்து, தண்ணீர் ஊற்றி, அலமாரியின் மறுமுனையில் வைத்தார். பேரிலைகள் இரண்டும் கூரையை இடித்துக்கொண்டு, அழையா விருந்தாளிகள் போல நின்றன. நாளடைவில் ஒன்று பழுத்து விழுந்தது. வேர் வெண்மையாக இறங்கிய பின், ஒரு புதுக்குருத்து வந்தது. அது விரிந்தபோது பழையதில் பாதிதான் இருந்தது.

"தண்ணி பத்தல" என்றார் அப்பா.

அடுத்ததில் வகிடுகள் மூன்றே. வெளிச்சம் பற்றவில்லை என்றார். அதற்கடுத்ததில் ஒரு பக்கம் மட்டும் ஒரே ஒரு வகிடு. அன்று அவர் முக்காலியைப் போட்டு ஏறி, வெகுநேரம் இரண்டு கொடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் முக்காலியில் ஏறுவது வழக்கமாயிற்று. கொடியிடம் அவர் தனியே பேசியதை அம்மா கேட்டிருக்கிறாள்: "என்ன, இறங்கி வர்றியா?" அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அதுவே இறங்கி வருது. நீங்க எப்போ?"

அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு காத்திருப்பு இருந்தது. அத்தையும் தொலைபேசியில் அம்மாவிடம் வேறு எதையும் கேட்கவில்லை, "இப்ப எவ்வளவு?" என்பார், அம்மா கை விரித்துச் சாண் கணக்கில் சொல்வாள், தொலைபேசியில் கை தெரியாது என்பதை மறந்து.

பிறகு ஒரு காலையில், வகிடே இல்லாத ஓர் இலை விரிந்து முற்றியிருந்தது. அப்பா சாவிக்கொத்தை எடுத்து, பித்தளை இலையை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு புறம் சற்றே சரிந்த அடி, அதே சரிவு. நுனி வளைவு அதே வளைவு. வலப்பக்க ஓரத்தில் மட்டும் பச்சை ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தது. தப்புச் சாவியென்று ஒதுக்க அவர் சட்டப்படி அதுவே போதும்.

"ஒரு இழை அரம் போட்டா சரியாயிடும்" என்றார் அப்பா.

அந்த இலையை, கணுவோடு, வெட்டியெடுத்தார். அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. நேரே சலவைக்கூடத்துக்குப் போனார்.

அங்கே நடந்ததை அத்தை சொல்லித்தான் அறிவேன். அப்பா இன்றுவரை சொன்னதில்லை. வெள்ளை ஓடு பதித்த சுவருக்கு முன்னால் அத்தை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஜோடி சேர்ந்து மடிக்கும் பெண் எங்கோ போயிருந்ததால், இரண்டு மூலைகளை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியே போராடிக்கொண்டிருந்தார். அப்பா வந்து, இலையை மேசையில் வைத்தார். அதன்மேல் பித்தளை இலையை வைத்தார். பிறகு எதிர்ப்பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த இரண்டு மூலைகளைத் தூக்கிப் பிடித்தார்.

அத்தை மேசையைப் பார்த்தார். விரிப்பு இருவருக்கும் நடுவில் சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"கோணலா பிடிக்கற" என்றார் கடைசியில். "பழக்கம் விட்டுப்போச்சு உனக்கு."

அப்பா மூலைகளைச் சரிசெய்துகொண்டார். இருவரும் உதறினார்கள், இழுத்தார்கள். அப்பா நடந்துவந்து தம் மூலைகளை அத்தை கையில் கொடுத்தார்; கொடுத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அக்கா செடிதான் பாப்பா" என்றார்.

அத்தை மூலைகளைப் பொருத்தினார். விரிப்பை அடுக்கின்மேல் வைத்துத் தட்டினார். கண்ணைத் துடைக்கக் கை ஓய்வாக இல்லை என்பது போல அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை அண்ணனிடம் நீட்டினார்.

"செடி அதேதாண்ணா" என்றார். "தம்ளர்தான் வேற."